அண்ணி தள்ளிப்போட்ட ஊசி

ஹாலந்தில் ரயில் மூன்று நிமிடம் தாமதமானால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். சென்னையில் நான் ஏறிய ஆரணி பஸ் முக்கால் மணி நேரம் கழித்துப் புறப்பட்டபோது, கண்டக்டர் எங்கள் மேல்தான் கோபப்பட்டார். "ஏறிகினு கதவாண்டையே நின்னா வண்டிய எப்படிம்மா எடுக்கறது? உள்ள போங்க, ஜல்தி!" மூன்று வருடம் கழித்து அந்த ஜல்தி காதில் விழுந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. திட்டு வாங்கிச் சந்தோஷப்பட்ட ஒரே பயணி அன்றைக்கு நானாகத்தான் இருப்பேன்.

அது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. பக்கத்து இருக்கை அம்மாள் மடியில் வேகவைத்த வேர்க்கடலைப் பை இருந்தது. ஹாலந்து ரயிலில் இரண்டு வருடமாக என் எதிரே உட்கார்ந்து வரும் மனிதரின் பெயர் எனக்குத் தெரியாது. இந்த அம்மாளுக்கு ஐந்தே நிமிடத்தில் என் பெயர் வனஜா என்பதும், வயது முப்பத்திநாலு என்பதும், கல்யாணம் ஆகவில்லை என்பதும் தெரிந்துவிட்டன. "வெளிநாட்டுல இன்னா வேல பண்ற?" என்று கேட்டார். புற்றுநோய் ஆராய்ச்சி என்றேன். கடலைப் பையை அப்படியே என் மடிக்கு மாற்றினார். "தின்னும்மா. நல்ல வேல."

என் வேலையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும்போது சிலருக்குக் கட்டி கரையும். சிலருக்கு எத்தனை ஏற்றினாலும் அசையாது. குற்றம் கட்டியிடம் மட்டும்தானா, அதைச் சுற்றியிருக்கும் சதையிடமும் இருக்கிறதா என்பது எங்கள் கேள்வி. புண் ஆறுவதற்காக நார் பின்னிக்கொடுக்கும் சாதுவான உயிரணுக்கள் நம் சதையில் உண்டு. பக்கத்தில் கட்டி ஒன்று வந்துவிட்டால் அவை கட்சி மாறிவிடுகின்றன. கட்டியைச் சுற்றிக் கெட்டியாக நார் பின்னி, ரத்தக் குழாய்களை நெருக்கி, மருந்து உள்ளே போகாதபடி செய்கின்றன. தப்பித்தவறிப் போன மருந்தில் அடிபட்ட கட்டிக்குத் தீனி போட்டுத் தேற்றவும் செய்கின்றன. முதலில் இந்தச் சுற்றுப்புறத்தைச் சரிசெய்துவிட்டால் பழைய மருந்தே வேலை செய்யுமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். எலிகளிடம் வேலை செய்தது.

இதைச் சொல்லத்தான் சென்னையில் ஒரு கருத்தரங்குக்கு வந்திருந்தேன். பேச்சின் நடுவே நாங்கள் சிட்டம் என்று சொல்லும் பட்டு நூல் கற்றை ஒன்றின் படத்தைத் திரையில் காட்டினேன். கச்சாப் பட்டைச் சுற்றிப் பூச்சி பூசிய பசை இருக்கும். சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சி அந்தப் பசையை எடுக்காமல் சாயம் போட்டால், சாயம் பசைமேல்தான் நிற்கும். அலசினால் போய்விடும். எங்கள் வேலையும் அந்தப் பசையை எடுப்பதுதான் என்று முடித்தேன். கை தட்டினார்கள். நரைத்த தலைப் பேராசிரியர் ஒருவர் மேடைக்கே வந்து கை குலுக்கினார். அந்தப் பெருமையோடுதான் பஸ் ஏறினேன்.

அந்த உவமையை நான் முதலில் சொன்னது கருத்தரங்கில் அல்ல. ஒன்றரை மாதத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, போனில், எங்கள் அண்ணியிடம்.

ஆரணியை ஒட்டிய சேவூரில் எங்களுக்குச் சாயப்பட்டறை. அப்பா காலத்துக்குப் பிறகு அண்ணாவும் அண்ணியும் நடத்துகிறார்கள். உண்மையில் நடத்துவது அண்ணிதான். அண்ணா நெசவாளர் வீடுகளுக்கு நூல் கொண்டுபோய்ப் பேசிச் சிரித்துவிட்டு வருவார். எந்த நிறத்துக்கு எது எவ்வளவு என்பது அண்ணியின் கண்ணில் இருந்தது. அந்த வருடத் தொடக்கத்தில் அண்ணிக்கு இடது மார்பில் கட்டி கண்டுபிடித்தார்கள். வேலூரில் பார்த்தார்கள். முதலில் மருந்து ஏற்றிச் சுருக்கிவிட்டு அப்புறம் அறுவை செய்யலாம் என்றார் டாக்டர். மூன்று முறை ஏற்றியும் கட்டி அப்படியே இருந்தது.

"ஏன் வனஜா அசைய மாட்டேங்குது?" என்று அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி கேட்டார். டாக்டரும் சொல்லியிருக்கிறார், நர்ஸும் சொல்லியிருக்கிறார், எதுவும் விளங்கவில்லை. நான் பட்டுப் பசையைச் சொன்னேன். நாங்கள் பசை எடுக்க ஒரு மருந்து வைத்திருக்கிறோம், எலிகளுக்கு நன்றாக வேலை செய்கிறது என்றும் சொன்னேன். அண்ணி, "இப்பதான் வெளங்குது. இத்தினி நாளா ஒருத்தரும் இத சொல்லலியே" என்றார். நான் அன்றைக்கெல்லாம் தரையில் கால் படாமல் நடந்தேன்.

இனி ஊருக்கு வருகிறேன். ஆரணி பஸ் ஸ்டாண்டில் அண்ணா டிவிஎஸ் ஐம்பதோடு நின்றுகொண்டிருந்தார். பெட்டியை முன்னால் வைத்தார். என் தோளில் தொங்கிய பிளாஸ்கைப் பார்த்ததும் முகம் மாறியது. "அது ஆடாம இருக்கணுமாம்மா? மடியில வெச்சிக்கோ" என்றார். கோட்டையைத் தாண்டி, கடைத்தெரு நெரிசலைத் தாண்டி, ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டியை நிறுத்தி நிறுத்தி ஓட்டினார். அண்ணா இவ்வளவு பதமாக வண்டி ஓட்டி நான் பார்த்ததில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த தங்கை என்ற மரியாதை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

சேவூரில் வயல்வாசம் மாறவில்லை. வீட்டுக்குப் பின்னால் பட்டறைப் புகைவாசமும் மாறவில்லை. அண்ணி தலையில் துண்டு கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். முடி போய், கன்னம் ஒட்டி, அந்தச் சிரிப்பு மட்டும் பழைய அளவிலேயே இருந்தது. இரண்டு கையும் முழங்கைவரை அரக்கு நிறம். கட்டிப்பிடித்தால் என் சட்டை கெட்டுவிடும் என்று கையைத் தூக்கி வைத்துக்கொண்டு தோளால் இடித்தார்.

எனக்குப் பத்து வயதில் அண்ணி இந்த வீட்டுக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் என் கையைப் பார்த்து எங்கள் வீட்டில் என்ன நிறம் ஓடுகிறது என்று சொல்லிவிடுவார்கள். என் பெஞ்சில் உட்கார்ந்த பிரிசில்லா, வாத்தியார் மகள், தினமும் காலையில் என் விரலைப் பிடித்துப் பார்த்து, "இன்னிக்கி மாம்பழ மஞ்ச" என்பாள். நான் வெட்கப்பட்டு அழுதிருக்கிறேன். புதுப்பெண்ணான அண்ணி அதைக் கேட்டுவிட்டு, மறுநாள் என் பத்து விரலுக்கும் பத்து நிறம் தொட்டு அனுப்பினார். அன்றைக்கு வகுப்பே என் கையைச் சுற்றி நின்றது. அந்த நாளை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

அன்றைக்குச் சாப்பாடு களியும் கருவாட்டுக் குழம்பும். ஹாலந்தில் மதியம் இரண்டு துண்டு ரொட்டி, நடுவில் ஒரு சீவல் சீஸ். அதையும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே தின்பார்கள். நான் களியை உருட்டி உருட்டி முழுங்கியதைப் பார்த்து அண்ணி, "அந்த ஊர்ல சோறே போட மாட்டாங்களாடி?" என்று கேலி செய்தார். அவர் தட்டில் இருந்தது குறையவே இல்லை என்பதைக் கவனித்தேன். மருந்தின் வேலை என்று நினைத்தேன். எத்தனையாவது ஊசி போட்டாகிவிட்டது என்று கேட்க வாயெடுத்தேன். "வந்தவொடனே அந்தப் பேச்சு வேணாம். இன்னிக்கி செவ்வாக்கெழம" என்றார் அண்ணா.

இரண்டாம் நாள் காலை கழுவிவைக்கப் பிளாஸ்கைத் தேடினேன். காணோம். அண்ணாவைக் கேட்டேன். "பத்திரமா இருக்கும்மா" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவர்கள் வீட்டில் ஃபிரிஜ் உண்டு. திறந்தார். மேல்தட்டில் தயிர், மாவு எல்லாவற்றையும் ஓரம் தள்ளிவிட்டு, நடுவில் என் பிளாஸ்க், கழுத்தில் மஞ்சள் துணி கட்டி நின்றுகொண்டிருந்தது. பக்கத்து வீட்டம்மாள் கையைக் கட்டிக்கொண்டு, "புள்ளைங்கள தொட உடலம்மா" என்றார்.

"எப்ப ஆரம்பிக்கலாம்?" என்று அண்ணா கேட்டார். "எத?" என்றேன். "பச எடுக்கற மருந்த."

பிளாஸ்கில் இருந்தது சென்னையில் வாங்கிய காபி. பாதி குடித்துவிட்டு மறந்துபோனது. அந்த இடத்தில் சிரித்திருக்கலாம். சிரிக்கத்தான் போனேன். அதற்குள் இன்னொன்று உறைத்தது. "ஊசி எப்பண்ணா போட்டீங்க கடைசியா?" அண்ணா விரல்விட்டு எண்ணினார். நான் போன் பேசிய அந்த ஞாயிறுக்கு முந்தின வாரம் போட்டதுதான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டியது. இரண்டு முறை போகவில்லை. "பச எடுக்காம சாயம் ஊத்தினா வீண்தானம்மா? நீ வர்றவரைக்கும் நிறுத்திவெக்கலாம்னு அண்ணிதான் சொன்னா."

ஃபிரிஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எந்தப் பேச்சுக்கு எனக்குக் கை தட்டினார்களோ அதே பேச்சு இங்கே ஒரு உயிருக்குப் போக வேண்டிய மருந்தை நிறுத்திவைத்திருக்கிறது. வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் அது உவமையோடு போயிருக்கும். சாயக்காரர்களிடம் சொன்னேன். பசையோடு இருக்கும் பட்டைச் சாயத்தில் முக்குவது அவர்கள் கனவிலும் செய்யாத காரியம். போதாததற்கு அண்ணிக்கு ஏற்றிய மருந்தும் சிவப்பு. பாட்டிலில் இருந்து சிவப்பாக இறங்கும், மறுநாள்வரை சிறுநீரும் சிவப்பாகப் போகும். ஊற்றிய சாயம் ஏறாமல் வெளியே வருவதை அவர் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

பட்டறைக்குப் போனேன். அண்ணி அடுப்பின் முன் நின்று, கொதிக்கும் தொட்டியில் தொங்கிய சிட்டங்களைக் கோலால் திருப்பிக்கொண்டிருந்தார். "அண்ணி, மருந்து இல்ல" என்றேன். "எலிக்குத்தான் பாத்திருக்கோம். மனுஷங்களுக்கு வர இன்னும் எத்தினி வருஷம் ஆவுமோ தெரியாது. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவர் கோலை நிறுத்தவில்லை. "அப்ப பிளாஸ்க்குல?"

"காபி."

பின்னால் வந்த அண்ணாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "எலிக்கின்னு அழுத்திச் சொல்றதுக்கு இன்னாம்மா? ஆறு வாரத்துக்கு மேல போச்சேம்மா உன் பேச்ச நம்பி!" என்று கத்தினார். அண்ணா என்னை அதட்டியது என் ஞாபகத்தில் அதுதான் முதல் தடவை. நியாயமான அதட்டல்.

"அவள ஏன் திட்டற? அவ எலின்னுதான் சொன்னா. நான்தான் எனுக்குத் தேவையானத மட்டும் கேட்டுகினேன்" என்றார் அண்ணி. பிறகு என்னைப் பார்த்தார். "ஆனா ஒண்ணு. பச இருக்குதுன்னது நெசந்தான?"

"நெசந்தான்."

"அப்ப ஊசி போட்டா வீண்தான? நாலு நாளு வாந்தி எடுத்து, வாயெல்லாம் புண்ணாயி, எல்லாம் அலசி ஊத்தறதுக்கா? நான் வரல."

"ஒடம்பு பட்டு இல்ல அண்ணி."

"நீதான பட்டுன்ன."

அன்றைக்கு முழுக்கப் பேசினேன். டாக்டர் வேறு மருந்து வைத்திருப்பார், மாற்றிப் பார்ப்பார் என்றேன். தள்ளிப்போட்டால் கட்டி பரவிவிடும், பிறகு அறுவையும் செய்ய முடியாது என்றேன். அழுதும் பார்த்தேன். அண்ணி எனக்கு முறுக்கு எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான்.

சாயங்காலம் வேலூருக்குப் போன் போட்டேன். பிரிசில்லா, என் விரலைப் பார்த்து நிறம் சொன்னவள், அங்கே ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தாள். கட்டியிலிருந்து எடுக்கும் சதையை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடித் துண்டில் ஒட்டுவது அவள் வேலை. அண்ணியின் துண்டுக்குச் சாயம் ஏற்றியதும் அவள்தானாம். அவளோடு பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு யோசனை வந்தது. இனி உவமையே வேண்டாம். உள்ளதைக் காட்டிவிடலாம்.

"அண்ணி, ஒங்க கட்டிக்கு பிரிசில்லா சாயம் போட்டு வெச்சிருக்கா. ரெண்டு நெறம். பாக்கறீங்களா?" என்றேன்.

அண்ணி கோலைக் கீழே வைத்தார். "அந்த வாத்தியார் பொண்ணா? அவளுக்கு இன்னாடி தெரியும் சாயத்தப் பத்தி?"

மூன்றாம் நாள் காலை வேலூர் பஸ்ஸில் நாங்கள் மூவர். ஊசிக்கு இல்லை, சாயம் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும் என்று அண்ணி என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். நான் ஒரு சத்தியம் செய்துவிட்டு, டாக்டர் பன்னிரண்டு மணிவரைதான் பார்ப்பார் என்பதை மனதுக்குள் எண்ணிக்கொண்டு வந்தேன். கண்ணமங்கலத்துக்கு முன்னால் டயர் வெடித்தது. ஸ்டெப்னி இருந்தது, அதிலும் காற்று இல்லை. "பேஜாரா போச்சு, பின்னால வர்ற வண்டியில ஏறிக்கோங்க" என்று சொல்லிவிட்டு டிரைவர் பீடி பற்றவைத்தார். பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் வாசல்வரை ஆள் தொங்கிக்கொண்டு நிற்காமல் போயின.

புளியமரத்தடியில் அண்ணியை உட்கார வைத்தோம். வெயில் ஏறியது. "சாமியே வேணாங்குது, வீட்டுக்குப் போலாம்" என்று அண்ணி சொல்லிக்கொண்டிருக்கும்போது, படவேட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றிய மினி லாரி ஒன்றை அண்ணா நடுரோட்டில் நின்று மறித்துவிட்டார். டிரைவர் திட்ட வாயெடுத்தவர், அண்ணி தலைத்துண்டைப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்கா? அம்மா முன்னால ஏறட்டும்" என்றார். அண்ணியை அவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் பின்னால் தார்களுக்கு நடுவே செருகிக்கொண்டோம்.

ஹாலந்தில் ரயிலை விட்டு இறங்கி நான் சைக்கிளில் வேலைக்குப் போவேன். நேரான பாதை, தனி விளக்கு, மழைக்குத் தனி உடுப்பு. அங்கே யாரும் யாரையும் மறிப்பதில்லை. மறித்து நிறுத்தினால் போலீஸ் வரும். வாழைத்தாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, முன்னால் அண்ணி டிரைவரிடம் அவர் மனைவியின் புடவை நிறம் விசாரிப்பதைக் கேட்டுக்கொண்டு வந்த அந்த ஒரு மணி நேரத்தை, எத்தனையோ முறை அந்த நேரான பாதையில் சைக்கிள் மிதிக்கும்போது நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பதினோரு மணிக்கு லேபில் இருந்தோம். பிரிசில்லா முதல் காரியமாக அண்ணியின் கையைப் பிடித்துப் பார்த்தாள். "அரக்கு" என்றாள். அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மைக்ராஸ்கோப் முன் உட்கார வைத்தாள். அண்ணி ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். அண்ணா கதவோரம் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"ரோஸு நல்லா புடிச்சிருக்கு" என்றார் அண்ணி கடைசியில். "நீலம் ஊதாவாட்டம் திட்டுத்திட்டா இருக்குது. ஒண்ணா போட்டியா, ஒண்ணு மேல ஒண்ணா?"

"மொதல்ல நீலங்க, அப்புறம் ரோஸு" என்றாள் பிரிசில்லா.

"ம். சுத்தமாத்தான் போட்டிருக்க." அதுவரை நான் கேட்டதில் அண்ணி யாருக்கும் கொடுத்த மிகப் பெரிய பாராட்டு அது. "வனஜா, இதுல எதுடி அது?"

"நீலமா இருக்கறது கட்டி. அதச் சுத்தி நார்நாரா ரோஸா ஓடுதில்ல, அதான் நான் சொன்னது."

"இம்மாம் இருக்குதே. நீலத்தவிட இதுதான ஜாஸ்தி? இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"எங்கேர்ந்தும் வரல. ஒங்க சததான்."

அண்ணி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "என் சதையா? நானே சோறு போட்டு வளத்ததா?" மறுபடி குனிந்தார். "அப்ப இது பச இல்லடி. பச பூச்சியோடது, எடுத்துக் கொட்டிடலாம். இது வூட்டு ஆளுங்க, அந்தப் பக்கம் போய்ட்டாங்க. கொட்ட முடியாது, பேசித்தான் இழுக்கணும்."

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் வாரம் இரண்டு கூட்டம் நடக்கும். இதை இவ்வளவு சுருக்கமாக அங்கே யாரும் சொன்னதில்லை.

அண்ணி கண்ணாடித் துண்டை மெல்ல நகர்த்தச் சொன்னார். "ஒரே மாதிரி இல்லியே. இங்க கெட்டியா இருக்கு, இங்க மெலிசா வுட்டு வுட்டு இருக்கு. இந்தச் சந்துல ஒண்ணும் போவாதா?"

இந்த இடத்தில் ஒரு வார்த்தை அதிகமாகச் சொன்னாலும் பொய்யாகிவிடும். "போவலாம் அண்ணி. போவாமயும் இருக்கலாம். அந்தச் செவப்பு மருந்து போவல. வேற மருந்து ஒண்ணு இருக்கு, அது வேற மாதிரி வேல செய்யும். அது போவுமான்னு போட்டுப் பாத்தாத்தான் தெரியும். எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது."

"இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா" என்று சொல்லிக்கொண்டே அண்ணி எழுந்தார். "டாக்டரு எத்தினி மணி வரைக்கும் இருப்பாரு?"

டாக்டர் எங்களைத் திட்டினார். இரண்டு முறை வரவில்லை என்பதற்காக அண்ணாவைத் திட்டினார். காரணத்தை நான் சொன்னதும் அவர் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். அந்தப் பார்வைக்குத் திட்டே தேவலை. கட்டியை அளந்தார். கொஞ்சம் பெரிதாகியிருந்தது. இன்னும் தாமதம் ஆகிவிடவில்லை, மருந்தை மாற்றுகிறேன் என்றார். ரத்தம் எடுத்தார்கள். பிரிசில்லா தன் குவார்ட்டர்ஸிலேயே எங்களைத் தங்க வைத்து, தேங்காய்ப்பால் சோறும் கோழிக் குழம்பும் போட்டாள். அண்ணி அன்றைக்குத் தட்டைக் காலி செய்தார்.

நான்காம் நாள் காலை அண்ணி கட்டிலில் படுத்திருக்க, நர்ஸ் மருந்து கொண்டுவந்து மாட்டினார். இந்த முறை கண்ணாடிப் பாட்டில். மருந்து சிவப்பாக இல்லை, தண்ணீர்போல் இருந்தது. கூட வந்த பயிற்சி நர்ஸிடம் அவர், "குலுக்காத, நுரைச்சிடும்" என்றார். மேலே மெல்லிசாக நுரை நின்றது.

அண்ணி அந்த நுரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் என்ன நினைக்கிறார் என்பது அவர் கேட்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. இருபத்துநாலு வருடமாக அவர் தினமும் காலையில் பார்க்கும் தொட்டி அது. நிறமில்லாத வெந்நீர், மேலே சோப்பு நுரை, பசை எடுக்கிற தண்ணீர்.

"வனஜா" என்று மெதுவாகக் கூப்பிட்டார். "நீ சொன்ன மருந்து இதானா? பச எடுக்கறது?"

அண்ணா கட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லிவிடு என்று அவர் கண் கெஞ்சியது. சொல்லியிருந்தால் அண்ணி நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பார். ஒரு வார்த்தை, அதுவும் இந்த முறை நல்லதுக்கு. என் மனது அந்தப் பக்கமே சாய்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"இல்ல அண்ணி. இதுவும் சாயந்தான். வேற சாயம். பச எடுக்கறது இன்னும் வரல."

அவர் என் கையைப் பிடித்தார். மருந்து ஏறாத கை, அரக்கு போகாத கை. "தெரியும்டி. இது வெறுங்காட்டியும் நொர, சோப்பு இல்ல. மறுபடியும் எனுக்குப் புடிச்ச மாதிரி சொல்றியான்னு பாத்தேன்." கண்ணை மூடிக்கொண்டார். "ஊத்தச் சொல்லு."

பிடித்த கையை மூன்று மணி நேரம் விடவில்லை. பாட்டில் தீரும்வரை நான் எழுந்திருக்கவும் இல்லை.

அந்த மருந்துக்குக் கட்டி பாதியாகச் சுருங்கியது. ஏன் சுருங்கியது, எந்தச் சந்து வழியாகப் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சிலருக்குச் சுருங்கும், அவ்வளவுதான். அறுவை செய்தார்கள். இடது கை வீங்கிப்போய், வலது கையால் மட்டும் கோலைத் திருப்பிக்கொண்டு அண்ணி மறுபடி பட்டறையில் நின்றார். பிளாஸ்கை நான் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். வேலூர் போகும்போதெல்லாம் வெந்நீருக்கு அதுதான் என்று சொன்னார்.

அதற்குப் பிறகு ஆறு வருடம் ஞாயிற்றுக்கிழமை போன் தவறியதில்லை. மழை, கரண்ட், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு என்ன நிறம் எல்லாம் பேசிவிட்டு, வைக்கும் முன் அண்ணி ஒரு கேள்வி கேட்பார். "இன்னா, பச எடுத்தாச்சா?"

"இன்னும் இல்ல அண்ணி."

"சரி. அவசரப்படாத."

எங்கள் மருந்து எலிகளைத் தாண்டி மனிதர்களிடம் போனபோது நினைத்தபடி நடக்கவில்லை. சுற்றியிருந்த நாரை ஒரேயடியாகக் குலைத்ததில் சிலருக்குக் கட்டி அடங்கவில்லை, அவிழ்ந்து பரவிவிட்டது. அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணியிடம் சொன்னேன். அண்ணி எரிச்சலோடு, "அளவுக்கு மேல காய்ச்சினா நூலே நொந்து போவும்னு தெரியாதா? அதுவும் வூட்டு ஆளுங்கள! பேசி இழுங்கன்னு அன்னிக்கே சொன்னனே. ஒரு வார்த்த என்னெ கேட்டிருக்கக்கூடாதா?" என்றார். மறுநாள் கூட்டத்தில் அதை அப்படியே சொன்னேன். இப்போது நாங்கள் அந்தச் சதையைக் கொல்லப் பார்ப்பதில்லை, திருப்பப் பார்க்கிறோம். எங்களைப் போல் வேறு பலரும் அந்த வழிக்குத் தாங்களாகவே வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. ஆனால் நான் அதை முதலில் கேட்டது சேவூரிலிருந்து வந்த போனில்.

ஏழாவது வருடம் நோய் எலும்பில் திரும்பி வந்தது. அண்ணி அந்த வருடம் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இப்போதும் போன் போடுகிறேன். அண்ணா மழையைச் சொல்வார், கரண்டைச் சொல்வார். நிறம் அவருக்கு வராது, அதனால் சாப்பாட்டைச் சொல்வார். அந்தக் கேள்வியை மட்டும் அவர் ஒருநாளும் கேட்டதில்லை. வைக்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். "இன்னும் இல்லண்ணா."

"சரிம்மா" என்கிறார். "அவசரப்படாத."